தூதனும் கட்டியங்காரனும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரும் சாலையில், ஊர் எட்டுவதற்குச் சற்று முன்னால், சாலையை விட்டு உள்வாங்கினாற்போல ஒரு பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் நிற்கும் வேப்பமரமே விலாசம். சுற்றிலும் சீமைக் கருவேல். அதைத் தாண்டினால் மழையை நம்பிக் கிடக்கும் கரிசல். அந்த வேம்பின் நிழலில் பல ஆண்டுகளாக இரண்டு கார்கள் அடுத்தடுத்து நின்றுகொண்டிருந்தன. ஒன்று 1984ஆம் ஆண்டின் அம்பாசிடர். மற்றொன்று 1970ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நான்கு கதவுகள் கொண்டது. பட்டறைக்காரர் இரண்டையும் வாரம் ஒருமுறை உயிர்ப்பித்து, குண்டாற்றுப் பாலம்வரை ஓட்டிப்போய்த் திரும்புவார். கூடப் போகும் பழக்கம் எனக்கு உண்டு.

சென்ற ஆண்டு ஆவணியில் ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார்: "சார், ரெண்டையும் வச்சுக்கிட இனி இடமில்லை. மகன் இந்த எடத்துல வீடு எழுப்பப் போறான். ஒண்ணைக் கொடுத்திடணும். எதைக் கொடுக்கட்டும்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

"அண்ணாச்சி, நான் படித்தது தமிழ். எனக்கென்ன தெரியும்?" என்றேன். அவர் விடவில்லை. ஹெரால்டைக் கேட்டுக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சேகரிப்பாளர் இரண்டுமுறை தொலைபேசியில் பேசியிருந்தார். அம்பாசிடரைக் கேட்டு வந்தவர் பழைய இரும்பு வியாபாரி ஒருவர்தான். அவர் எடைக்கு விலை சொன்னார். கேள்வி எளியது, பதில் சொல்ல எனக்கு மூன்று மாதங்கள் ஆயின. அந்த மூன்று மாதங்களில் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

தமிழ் படித்தவனுக்கு முதலில் கண்ணில் படுவன பெயர்களே. அம்பாசிடர் என்றால் தூதுவன். ஹெரால்டு என்றால் கட்டியங்காரன். ஒரே அரசவையின் இரு பணியாளர்கள். தூதனுக்கு நம்மிடம் தனி மரியாதை உண்டு. திருக்குறளில் ஓர் அதிகாரமே அவனுக்கு. சிற்றிலக்கியங்களில் ஒரு வகையே அவன் பெயரில். அயல் மன்னனின் அவையில் இடமறிந்து, காலமறிந்து, அங்குள்ளோர் மனம் கோணாமல் நடந்துகொள்வது அவன் திறம். கட்டியங்காரனோ தெருக்கூத்தில் முதலில் மேடைக்கு வருபவன். இனி வரப்போவது யார் என்று ஊருக்கு உரைப்பவன். இந்த இரண்டு கார்களும் தத்தம் பெயருக்குரிய வேலையையே இந்த நாட்டில் செய்தன என்பதுதான் நான் கடைசியில் வந்து சேர்ந்த முடிவு. அது எப்படி என்று பார்ப்போம்.

இரண்டும் இங்கிலாந்தில் பிறந்தவை. அம்பாசிடரின் மூலம் ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த கவுலியில் இயங்கிய மோரிஸ் தொழிற்சாலை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பெயரில் 1913 முதலே கார்கள் வந்துகொண்டிருந்தன. அந்த வரிசையில் 1956இல் வந்த மூன்றாம் தொடர் வண்டிதான் நம் அம்பாசிடரின் தாய். ஹெரால்டின் பிறப்பிடம் கவென்ட்ரி. 1903இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு நிறுவனம், இரண்டாம் உலகப்போரின் இறுதிக் காலத்தில் டிரையம்ஃப் நிறுவனத்தை வாங்கியது. டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் 1959இல் அவ்வண்டி வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியின் தூரின் நகரத்தைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கலோட்டி. கூரிய விளிம்புகளும் உயர்ந்த கண்ணாடிகளுமாக அது அன்றைய ஆங்கிலக் கார்களிலிருந்து விலகி நின்றது.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு பழைய வழக்கு உண்டு. அதை அறிந்தபோது எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது. 1952இல் மோரிஸும் ஆஸ்டினும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் உருவாயிற்று. மறு ஆண்டே அந்த நிறுவனம், கார்களுக்கு உடல் வார்த்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை வாங்கிவிட்டது. ஸ்டாண்டர்டு தன் சிறு கார்களின் உடலுக்கு நம்பியிருந்ததும் அதே நிறுவனத்தைத்தான். இனி போட்டியாளனிடம் கையேந்தி நிற்க முடியாது. முழு உடலையும் ஒரே வார்ப்பாகச் செய்து தர வேறு ஆளும் இல்லை. எனவே ஸ்டாண்டர்டின் பொறியாளர்கள் பழைய முறைக்குத் திரும்பினார்கள். அடியில் தனியாக ஓர் இரும்புச் சட்டம். அதன்மேல் வெவ்வேறு பட்டறைகளில் செய்த தகடுகளைக் கொண்டுவந்து திருகாணிகளால் இணைத்த உடல். மோரிஸ் தரப்பு கதவைச் சாத்தியதால் பிறந்த வடிவம் ஹெரால்டு. அண்ணன் வாசலை அடைத்ததால் தம்பி பின்கட்டில் வேறு வீடு எழுப்பிக்கொண்ட கதைதான்.

அம்பாசிடருக்குத் தனிச் சட்டம் கிடையாது. தரையும் பக்கமும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒற்றைக் கூடு அது. ஆமைக்கு ஓடே எலும்பாக இருப்பதுபோல. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது வேலை செய்யும்.

இனி இந்தியாவுக்கு வருவோம். பி.எம். பிர்லா 1942இல் நிறுவிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓக்கா துறைமுகத்தில் தொடங்கி, 1948இல் வங்காளத்தின் உத்தர்பாராவுக்கு இடம்பெயர்ந்தது. அதே 1948இல்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா உருவானது. வண்டலூரை ஒட்டி அதன் தொழிற்சாலை. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியதும் அந்த ஆண்டே. பின்னால் அசோக் லேலண்ட் ஆகப்போகும் அது, முதலில் ஆஸ்டின் கார்களைக் கோத்துக்கொண்டிருந்தது. மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912லேயே பேருந்து ஓட்டியவர். ஆக, மோட்டார்த் தொழிலில் தென்னாடு யாருக்கும் பிந்தியதன்று. இன்று சென்னையை மோட்டார் நகரம் என்று பேசுவோர் பெரும்பாலும் ஹூண்டாயிலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வண்டலூரில் சங்கு ஊதியிருக்கிறது.

1953இல் சுங்கவரி ஆணையம் ஒரு பரிந்துரை செய்தது. உதிரிகளை இறக்குமதி செய்து இங்கே கோத்து விற்பது மட்டும் போதாது. படிப்படியாக எல்லாவற்றையும் இந்நாட்டிலேயே செய்யத் திட்டம் உள்ளவர்களுக்கே இடமுண்டு என்பது அதன் சாரம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் ஓரிரு ஆண்டுகளுக்குள் கடையைக் கட்டின. கார்ச் சந்தை முக்கியமாக மூவர் கையில் வந்தது: உத்தர்பாராவின் ஹிந்துஸ்தான், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு. யார் எத்தனை செய்யலாம் என்பதை அரசு முடிவு செய்தது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது வாங்குவோரின் விதியாயிற்று.

அம்பாசிடர் 1957இல் வெளிவரத் தொடங்கியது. ஹெரால்டு 1961இல் வந்தது. முன்னதன் தாய்வண்டி இங்கிலாந்தில் மூன்றே ஆண்டுகளில், 1959இல், நிறுத்தப்பட்டுவிட்டது. மகளோ இங்கே ஐம்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தாள். டிரையம்ஃப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1971 வரை ஓடி ஐந்து லட்சத்துக்கும் மேலாக விற்றது. இங்கே அதன் வழித்தோன்றலாக 1972இல் வந்த கெசல் 1977இல் முடிந்துபோயிற்று. ஊரில் புகழ்பெற்ற பிள்ளை அயலில் அடையாளமின்றிப் போவதும், ஊரில் யாரும் திரும்பிப்பாராத பிள்ளை அயலில் பெரிய மனிதனாவதும் மனிதர்க்கு மட்டும் நடப்பதில்லை போலும்.

ஏன் இப்படி? 'அம்பாசிடர் உறுதியான வண்டி, ஹெரால்டு பொம்மை வண்டி' என்பது நம் ஊர்த் திண்ணைகளின் பதில். நானும் அதையே நம்பியிருந்தேன். பட்டறைக்காரர் ஒருநாள் ஹெரால்டின் முன்பக்கத்தைத் திறந்து காட்டினார். பானெட்டோடு சக்கர மேற்கூடுகளும் விளக்குகளும் சேர்ந்து மொத்த முகமும் முன்னோக்கிக் கவிழ்ந்தது. எஞ்சினும் முன் அச்சும் திறந்த புத்தகமாகக் கிடந்தன. முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். "இதைச் செஞ்சவன் மெக்கானிக்கோட முதுகுவலி தெரிஞ்சவன்" என்றார்.

உண்மையில் காகிதத்தில் ஒப்பிட்டால் ஹெரால்டே முன்னேறிய வண்டி. நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு அதற்கு இருந்தது. 25 அடி விட்டத்துக்குள் முழுவட்டம் அடித்துவிடும். திருச்சுழியின் சன்னதித் தெருவில் அதைத் திருப்ப ஒரே வீச்சுப் போதும். கியர்த்தண்டு தரையில், கைக்கு அருகில். எஞ்சின் 948 கன சென்டிமீட்டர்; எடை குறைவு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 91.5 அங்குலம். அம்பாசிடருக்கு அது 97 அங்குலம். அதன் எஞ்சின் நெடுங்காலம் 1,489 கன சென்டிமீட்டர் அளவில் இருந்தது. பின்பக்கம் மாட்டுவண்டி காலத்து நினைவாக முழு அச்சும் ஸ்பிரிங் பட்டைகளும். ஸ்டியரிங்கை ஒட்டிக் கியர்த்தண்டு. முன்னால் ஒரே நீள இருக்கை.

இந்தக் கடைசி இரண்டு விவரங்களில்தான் பாதிக் கதை இருக்கிறது. கியர்த்தண்டு ஸ்டியரிங்கோடு போய்விட்டால் முன்னிருக்கையின் நடுப்பகுதி ஆளுக்கு மிஞ்சுகிறது. ஓட்டுநரோடு முன்னால் மூவர், நெருக்கினால் நால்வர். பின்னால் ஐவர், மடியில் குழந்தைகள், டிக்கியில் அரிசி மூட்டையும் சீர்வரிசைத் தாம்பாளங்களும். என் சிறுவயதில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கமுதிக்குப் போனபோது ஒரே அம்பாசிடரில் பதினொரு பேர் இருந்தோம். எங்கள் அப்பத்தா அதைக் கார் என்று சொல்லமாட்டாள், "பிளசர்" என்பாள். இன்பத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அவ்வளவு நெரிசலில் ஒட்டிக்கொண்டது மொழியின் குறும்புகளில் ஒன்று. ஹெரால்டின் முன்னிருக்கைகள் இரண்டும் தனித்தனி. அது நால்வருக்கான வண்டி. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்ற கணக்கு 1961இல் இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தில்தான் இருந்தது.

மீதிக் கதை பின் அச்சில். ஹெரால்டின் பின்சக்கரங்கள் நடுவிலிருந்து இருபுறமும் சிறகுபோல் மடங்கும் அரை அச்சுகளில் நின்றன. இரண்டு பேர் போகையில் அது சொகுசு. பின்னால் ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் வண்டி தாழும். சக்கரங்களின் அடிப்பாகம் வெளிப்புறமாக விரியும். டயர் உள்விளிம்பில் தேயும். கரிசல் நிலத்துச் சாலையில், மழைக்குப்பின் களிமண் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும்போது, அந்த மென்மையான அமைப்புக்கு இது அயல்நாடாகவே இருந்தது. அம்பாசிடரின் பின்னச்சு அப்படியெல்லாம் மடங்காது. பாரம் தாங்கவில்லையா? பட்டறையில் இன்னொரு பட்டை சேர்த்துக்கொள்ளலாம். கொல்லனுக்கும் புரியும் தொழில்நுட்பம் அது.

சென்னை நிறுவனம் இதை அறியாமல் இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் எந்நாளும் இரண்டு கதவுகளோடு மட்டுமே விற்ற ஹெரால்டுக்கு நான்கு கதவுகள் வைத்தது வண்டலூரில்தான். முன்னிருக்கையை மடக்கிக் குனிந்து பின்னால் ஏறுவது சேலை கட்டியவர்க்கும் முதியோர்க்கும் எவ்வளவு சங்கடம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். 1972இன் கெசலில் அந்தச் சிறகு அச்சும் போய், முழு அச்சு வந்துவிட்டது. ஆங்கிலேயர் வரைந்ததை இங்குள்ள பொறியாளர்கள் இந்த மண்ணுக்கேற்பத் திருத்தினார்கள். காப்பியத்தைக் கூத்தாக்கும்போது நம் வாத்தியார்கள் செய்வதும் அதுதானே? திருத்தம் காலத்தில் வரவில்லை என்பதே குறை.

இன்னொரு காரணமும் உண்டு. அது பொறியியலுக்கு வெளியே உள்ளது. அம்பாசிடருக்கு அரசு வாடிக்கையாளர். ஆட்சியர் அலுவலகம் முதல் அமைச்சர் வீடுவரை வெள்ளை அம்பாசிடரே நின்றது. எங்கள் வட்டாரத்துக்கு இதில் ஒரு தனி நினைவு. 1977 தேர்தலில் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்றுதான் எம்.ஜி.ஆர். முதன்முதலாக முதலமைச்சரானார். அவர் பயன்படுத்திய 4777 என்ற எண்ணுள்ள அம்பாசிடர், சென்னை தியாகராய நகர் நினைவு இல்லத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதே 1977தான் கெசலின் கடைசி ஆண்டு. அதிகாரம் எந்தக் காரில் ஏறுகிறதோ அந்தக் காருக்கு உதிரிகள் கிடைக்கும். உதிரிகள் கிடைக்கும் காரை வாடகைக்காரர்கள் வாங்குவார்கள். வாடகைக்காரர்கள் வாங்கும் காரைப் பட்டறைகள் கற்றுக்கொள்ளும். இந்தச் சுழலுக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் வெளியேறுவது கடினம். ஹெரால்டு அதற்குள் நுழையவேயில்லை. அது மருத்துவர்களின், பேராசிரியர்களின் சொந்தக் காராகவே இருந்து முடிந்தது.

இங்கிலாந்தில் 1968இல் ஒரு விசித்திரம் நடந்தது. மோரிஸ், டிரையம்ஃப் இரண்டும் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே குடையின்கீழ் வந்தன. ஒருகாலத்தில் கதவைச் சாத்தியவனும் வெளியே நின்றவனும் ஒரே வீட்டுக்காரர்கள் ஆனார்கள். 1975இல் அவ்வீடே கடனில் மூழ்கி அரசுடைமையாயிற்று. அதன் கடைசிச் செல்வங்களில் ஒன்றான ரோவர் காரின் வடிவத்தை வாங்கி, 1985இல் சென்னை நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்று வெளியிட்டது. புதிய உடலுக்குள் வைத்ததோ பழைய வேன்கார்டு கால எஞ்சினின் மறுவடிவம். சந்தையில் அது நிலைக்கவில்லை. 1988இல் வண்டலூர்த் தொழிற்சாலை மூடப்பட்டது.

அம்பாசிடருக்கும் காலம் வந்தது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாலைக்கு வந்தது. 796 கன சென்டிமீட்டர் எஞ்சின், தரையில் கியர்த்தண்டு, தனித்தனி முன்னிருக்கைகள், நால்வருக்கான இடம், சிறிய வட்டத்தில் திரும்பும் லாகவம். இந்தப் பட்டியலை எங்கேயோ கேட்டிருக்கிறோமல்லவா? ஹெரால்டு 1961இல் அறிவித்துவிட்டுப் போனது இதைத்தான். கட்டியங்காரன் வந்து உரைத்துவிட்டான். கேட்க வேண்டிய அவை அப்போது கூடவில்லை. கூட்டுக் குடும்பம் சுருங்கி, சம்பளக்காரர் பெருகி, சாலை தார் கண்டபின் அவை கூடிற்று. அதற்குள் கட்டியங்காரன் மேடையில் இல்லை.

அம்பாசிடரை அத்தனை ஆண்டுகள் காத்த அதே பாதுகாப்புச் சுவர்தான் அதை மாறவிடாமலும் செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது. வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் வாடிக்கையாளன் இருக்கும்போது எதற்காக மாற வேண்டும்? 1993இல் இசுசு எஞ்சின் வந்தது, ஓட்டம் சிறந்தது, முகம் மாறவில்லை. 2013இல் உலகின் சிறந்த வாடகைக் கார் என்று பி.பி.சி.யின் டாப் கியர் நிகழ்ச்சி அதைத் தேர்ந்தது. மறு ஆண்டு மே மாதம் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்றது. 2017இல் அம்பாசிடர் என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோவுக்கு விற்கப்பட்டது. தூதன் அயலவையில் நெடுநாள் தங்கி, அந்நாட்டானாகவே ஆகி, அங்கேயே மண்ணானான்.

இப்போது பட்டறைக்காரரின் கேள்விக்கு வருகிறேன். இன்று ஒருவர் இவ்விரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ள விரும்பினால் எதை வைத்துக்கொள்வது?

முதலில் உடல். ஹெரால்டின் பலம் அடிச்சட்டத்தில் இருக்கிறது. மேலுடலின் தகடுகள் துருப்பிடித்தாலும் கழற்றி மாற்றலாம். முழு உடலையுமே தூக்கி வைத்துவிட்டுச் சட்டத்தைச் சீராக்கலாம். அம்பாசிடரில் தரையும் கதவடி விளிம்புகளும் அரித்தால் வண்டியின் எலும்பே அரித்ததாகப் பொருள். வாங்குபவர் வண்ணத்தைப் பார்த்து ஏமாறாமல், விரிப்பைத் தூக்கித் தரையைப் பார்க்க வேண்டும். இந்த வகையில் எங்கள் வறண்ட நாட்டுக்கு ஒரு நன்மை உண்டு. கடற்காற்று படும் சென்னையில் தகடு அரிக்கும் வேகம் இங்கே இல்லை. ரப்பரும் இருக்கை உறையும் வெயிலில் வெடிக்கும், இரும்பு பிழைத்துக்கொள்ளும்.

அடுத்தது உதிரிகள். அம்பாசிடருக்கு இன்றும் மதுரையில் தேடினால் கிடைக்கும். ஹெரால்டின் எஞ்சின், முன்சக்கர அமைப்பு போன்றவற்றுக்கு இங்கிலாந்தில் வழியுண்டு. அதே அடித்தளத்தின்மேல் எழுந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரின் அன்பர்கள் அங்கே ஏராளம். ஆனால் வண்டலூரில் மட்டும் செய்த பின்கதவுக்கு உலகில் வேறெங்கும் கடை இல்லை. நம்முடையதென்று நாம் சேர்த்த பகுதிதான் கிடைப்பதற்கு அரியதாகிவிட்டது.

மூன்றாவது சட்டம். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, முதற்பதிவு ஆகி ஐம்பது ஆண்டுகள் கடந்து, அசல் நிலை பெரிதும் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் ஊர்திகளாகப் பதிந்துகொள்ளலாம். அவற்றை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. 1970இன் ஹெரால்டு இந்தத் தகுதிக்குள் வந்துவிட்டது. 1984இன் அம்பாசிடருக்கு இன்னும் வயதாகவில்லை. இன்னொரு பக்கம், 2023 ஏப்ரல் முதல் பதினைந்து ஆண்டுகள் கடந்த அரசு வாகனங்களின் பதிவு செல்லாது என்றாகிவிட்டது. எஞ்சியிருந்த அரசு அம்பாசிடர்களும் அந்த விதிக்கு உட்பட்டவையே. அரிதானதற்குக் கொட்டகை கிடைக்கிறது. எங்கும் நிறைந்திருந்ததற்கு அதுகூடக் கிடைப்பதில்லை. சுவடிகளைத் தேடி அலைந்த உ.வே.சா.வின் காலத்தில் அரிய சுவடிகள் மட்டுமா அழிந்தன? எல்லா வீட்டிலும் இருக்கிறதே என்று யாரும் பாதுகாக்காதவையும்தான் அழிந்தன.

நான்காவது, எனக்கு முக்கியமாகப் பட்டது, கைப்பழக்கம். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிப்பகுதி, மரையிட்ட ஒரு பித்தளைக் கட்டைக்குள் நின்று திரும்புகிறது. டிரன்னியன் என்பார்கள். மற்ற வண்டிகளுக்கு வைப்பதுபோல அதற்குக் கிரீஸ் வைத்தால் அது உறைந்து உள்ளே போகாது. நீர் புகுந்து தண்டு அரிக்கும். ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். அதற்குக் கியர் எண்ணெய்தான் விடவேண்டும். அம்பாசிடரின் முன்பக்கத்துக்கோ கிரீஸ் தவறக்கூடாது. இதைப் பட்டறைக்காரர் எனக்கு ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "அதுக்கு எண்ணெய், இதுக்குக் கிரீஸ், மாத்துனா ரெண்டும் கோவிச்சுக்கிடும்." தம் குருவிடமிருந்து பதினான்காம் வயதில் கேட்ட பாடம் என்றார். அவருக்குப்பின் அதைக் கேட்க ஆளில்லை. மகனுக்கு வேறு தொழில்.

பட்டறையின் சொற்களும் அப்படியே. மாற்றுச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். வேல்ஸ் நாட்டின் ஒரு தெருப்பெயர் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே செய்த மாற்றுச் சக்கரத்துக்கு அந்தப் பெயர் வந்தது. பிரிட்டனில் அச்சொல் வழக்கொழிந்துவிட்டது. அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்தில் உயிரோடிருக்கிறது. அகராதிகளில் இவற்றைச் சேர்ப்பார் யார்? சங்க காலத்துத் தேரின் உறுப்புகளுக்குப் பெயர் தெரிந்த நமக்கு, நம் தாத்தா ஏறிய காரின் உறுப்புகளை நம் மெக்கானிக் எப்படி அழைத்தார் என்று தெரியாது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் 2015இல் திறக்கப்பட்டது பெரிய காரியம். கார்களைக் காக்க அப்படி ஓரிடமாவது இருக்கிறது. அவற்றை ஓடவைத்த கைகளின் அறிவைக் காக்கவும் ஓரிடம் வேண்டாமா?

ஐப்பசியில் என் பதிலைச் சொன்னேன். "அண்ணாச்சி, ஹெரால்டைக் கொடுத்துவிடுங்கள்."

அவர் முகம் சுருங்கிற்று. அவருக்குப் பிரியமானது ஹெரால்டுதான் என்பது எனக்குத் தெரியும். காரணத்தைச் சொன்னேன். ஹெரால்டுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது. வாங்குபவர் அதன் மதிப்பறிந்தவர். சட்டமும் அதற்கு ஒரு பெயர் தருகிறது. அம்பாசிடரை இங்கிருந்து அனுப்பினால் அது எடைக்கல்லுக்குத்தான் போகும். அதன் வாழ்வு சாலையில் ஓடுவது. ஓட்டுகிறவர் இருக்கும்வரை ஓடட்டும். ரமணர் பிறந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்களில் சிலராவது அதில் ஏற ஆசைப்படுவார்கள்.

நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கொடுக்கலாம் சார். ஆனா அந்த டிரன்னியனுக்கு எண்ணெய் விட அவங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

அதையே நிபந்தனையாக வைத்தோம். சேகரிப்பாளர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். கார்த்திகையில் ஒரு லாரி வந்து ஹெரால்டை ஏற்றிச் சென்றது. ஆண்டுக்கு இருமுறை பட்டறைக்காரர் பேருந்தேறிக் கோவை போகவேண்டும், வண்டியைப் பார்க்கவேண்டும், அங்கே வேலைபழகும் இரு இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தை மாதம் முதல்முறை போய்வந்தார். நானும் உடன் சென்றேன், ஒரு நாற்பது பக்க நோட்டோடு. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். உறுப்புகளின் பெயர்கள், அவற்றுக்குப் பட்டறை வைத்த பட்டப்பெயர்கள், எந்த ஓசை வந்தால் எங்கே பார்ப்பது. நோட்டு பாதி நிறைந்திருக்கிறது. அடுத்த பயணம் ஆடியில்.